எண்ணெயை ஒட்டவிடாத சவ்வு

கிழக்கு லண்டனின் மனோர் பார்க்கில், ரோம்ஃபோர்ட் சாலையிலும் ஹை ஸ்ட்ரீட் நார்த்திலும் உள்ள உணவகங்களின் பின்கட்டுகளில் வடைச்சட்டியும் கொத்துரொட்டிக் கல்லும் கழுவப்படும்போது வெளியேறும் நீர், நிலத்தடிக் குழாய்களின் வழியே ஓடித் தேம்ஸ் கரையிலுள்ள பெக்டன் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை அடைகிறது. 1860-களில் ஜோசப் பசல்ஜெட் வகுத்த லண்டன் கழிவுநீர்த் திட்டத்தின் வடகரை முனையாகத் தோன்றிய அந்நிலையம் இன்று ஐரோப்பாவின் மிகப் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களுள் ஒன்று. அதே பெக்டனில், தேம்ஸ் கழிமுகத்தின் உவர்நீரைக் குடிநீராக்குவதற்கென 2010-இல் திறக்கப்பட்ட ஆலை, நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் நீர் தரும் திறனுடன் சவ்வுகளை நம்பி அமைக்கப்பட்டது. எண்ணெய்க் கழிவு வந்து சேரும் இடமும் சவ்வுத் தொழில்நுட்பம் பெரிய அளவில் நிறுவப்பட்ட இடமும் இவ்வாறு அருகருகே இருந்தாலும், ஒன்றின் சிக்கலுக்கு மற்றது நேரடியாக விடையாகிவிடுவதில்லை. உப்பை நிறுத்துவதற்கென உருவான சவ்வின் மேல் எண்ணெய் படிந்தால் அது விரைவில் செயலிழந்துபோகும். எண்ணெயைப் பிரிப்பதற்கு வேறு வகைச் சவ்வு தேவைப்படுகிறது என்பதும், அதன் வெற்றி துளையின் அளவைக் காட்டிலும் மேற்பரப்பின் இயல்பையே பெரிதும் சார்ந்துள்ளது என்பதும் இத்துறையில் மெல்ல மெல்லத் தெளிவான உண்மைகள்.

முதலில், சவ்வே இல்லாத எளிய முறை எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்பது நல்லது. இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி, வணிக நோக்கில் சூடான உணவு சமைக்கும் இடங்களின் வடிகாலில் கொழுப்பைப் பிரிக்கும் அமைப்பு ஒன்று இருக்க வேண்டும் என்கிறது. உணவகத்தார் ‘கிரீஸ் ட்ராப்’ என்று சொல்லும் அந்த எஃகுப் பெட்டி பெரும்பாலும் கழுவுதொட்டியின் அடியிலேயே இருக்கும். உள்ளே செங்குத்தாக நிற்கும் தகடுகள் நீரின் வேகத்தைத் தணிக்க, நீரைவிட இலேசான எண்ணெய் மேலே மிதந்து தேங்க, அடியிலுள்ள நீர் மட்டும் கடைசித் தகட்டின் கீழாக நழுவி வெளியேறுகிறது. மூடியைத் திறந்தால் வெளிர்மஞ்சள் நிறத்தில் விரற்கடைத் தடிப்புக்கு உறைந்து நிற்கும் களிம்பும், அதிலிருந்து எழும் புளித்த நாற்றமும் அப்பெட்டி தன் வேலையைச் செய்கிறது என்பதற்குச் சான்று. ஆனால் அது செய்வது பாதி வேலைதான்.

எண்ணெய்த்துளி மேலேறும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கேற்ப அமைகிறது என்பதை 1851-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் கண்ட சூத்திரத்திலிருந்து பெறலாம். 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள அசையாத நீரின் அடியிலிருந்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள சமையல் எண்ணெய்த்துளி மேலே வரச் சுமார் 12 நிமிடம் ஆகும். அத்துளி 10 மைக்ரோமீட்டராகச் சிறுத்தால் அதே தூரத்துக்கு ஏறத்தாழ 19 மணி நேரமும், 1 மைக்ரோமீட்டராகச் சிறுத்தால் ஏறத்தாழ 80 நாளும் தேவைப்படும். பாத்திரம் கழுவும் நீரோ அப்பெட்டிக்குள் சில நிமிடங்களே தங்குகிறது. போதாக்குறைக்குக் கொதிநீரும் பாத்திரச் சோப்பும் சேர்ந்து எண்ணெயை நுண்துளிகளாக உடைத்துவிடுகின்றன. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் பற்றிக்கொள்வதால், துளிகள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாக முடியாமல் நீர் முழுவதும் பரவிப் பால்போல் கலங்கி நிற்கின்றன. இந்த நிலைக்குப் பால்மம் என்று பெயர். சோப்பைப் போல இரு முனைகளாலும் செயல்படும் வேதிப்பொருள்கள் அனைத்தும் பரப்புச் செயலிகள் எனப்படுகின்றன. பாத்திரத்தைப் பளிச்சென்று ஆக்கும் அதே பொருள்தான் கழிவுநீர்ப் பொறியாளருக்குத் தலைவலியைத் தருகிறது.

பெட்டியைத் தாண்டிப் போகும் கொழுப்பு குழாய்க்குள் குளிர்ந்து உறைவதோடு நின்றுவிடுவதில்லை. கொழுப்பு சிதைந்து உண்டாகும் கொழுப்பு அமிலங்கள், நீரிலும் கான்கிரீட்டிலும் உள்ள கால்சியத்தோடு வினைபுரிந்து, கரையாத கால்சியம் சோப்பாக இறுகுகின்றன. 2017 செப்டம்பரில் வைட்சேப்பலின் விக்டோரியா காலத்துக் குழாயில் கண்டுபிடிக்கப்பட்ட, 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்டதாகக் கணிக்கப்பட்ட கொழுப்புப் பாறை அத்தகையது. அதன் ஒரு துண்டு 2018-இல் லண்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டு, மக்கள் திரண்டுவந்து பார்த்ததும் உண்டு.

நீரில் உள்ள எண்ணெயைத் துளியின் அளவைக் கொண்டு வகைப்படுத்துவது பொறியாளர் வழக்கம். 150 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்டது தனித்து மிதக்கும் எண்ணெய். 20 முதல் 150 வரை சிதறிய எண்ணெய். 20-க்குக் கீழ்ப்பட்டது பால்ம எண்ணெய். அதற்கும் கீழே, துளி என்றே சொல்ல முடியாதபடி மூலக்கூறு மூலக்கூறாகக் கரைந்திருப்பது கரைந்த எண்ணெய். முதல் வகைக்குப் புவியீர்ப்புத் தொட்டியே போதும். இரண்டாவதற்கு, நுண்ணிய காற்றுக் குமிழிகளைச் செலுத்தித் துளிகளை மேலே ஏற்றும் முறை உதவும். மூன்றாவது வகைதான் சவ்வுக்குரிய களம். உலோகத்தைக் கடையும் பட்டறைகளில் கருவியைக் குளிர்விக்கப் பயன்படும் வெண்ணிறத் திரவம், வாகனம் கழுவும் நிலையங்களின் நீர், எண்ணெய்க் கிணறுகளிலிருந்து எண்ணெயோடு சேர்ந்து வெளிவரும் உவர்நீர், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் கழிவு ஆகிய அனைத்திலும் இவ்வகை எண்ணெய் உண்டு. வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் உடன்பாடு கடலில் விடப்படும் கிணற்று நீருக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம் எண்ணெய் என்றும், இந்தியாவின் பொது விதிகள் ஆறு குளங்களில் விடப்படும் கழிவுக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்றும் வரம்பு கட்டியுள்ள நிலையில், பால்ம எண்ணெயைக் கண்டும் காணாமல் விட்டுவிட முடியாது.

சவ்வு என்பது, கரைசலின் ஒரு பகுதியைக் கடக்கவிட்டு மறுபகுதியைத் தடுத்து நிறுத்தும் மெல்லிய படலம். எண்ணெய் பிரிப்பதற்குப் பெரிதும் பயன்படுபவை, ஒரு மைக்ரோமீட்டரின் பத்தில் ஒரு பங்கு முதல் சில மைக்ரோமீட்டர் வரை துளையுள்ள நுண்வடிப்புச் சவ்வுகளும், அதைவிடச் சிறிய துளையுள்ள மீநுண்வடிப்புச் சவ்வுகளும் ஆகும். இவற்றைச் சமையலறைச் சல்லடையைப் போல எண்ணிக்கொள்வது இயல்பானாலும், அந்த எண்ணம் பிழையான முடிவுக்கே இட்டுச்செல்லும். சல்லடையில் நிற்கும் கல் தன் வடிவம் மாறாது; எண்ணெய்த்துளியோ நெகிழும். தன்னைவிடச் சிறிய துளையின் வாயில் வந்து அமரும் துளி, மேலிருந்து அழுத்தம் கூடக் கூட அடிப்பக்கம் நாக்குப்போல் நீண்டு துளைக்குள் இறங்க முயல்கிறது. அது இறங்குமா, வாயிலிலேயே நிற்குமா என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: துளையின் அகலம், எண்ணெய்க்கும் நீருக்கும் இடைப்பட்ட எல்லையின் இழுவிசை, சவ்வின் பொருள் அவ்விரண்டில் எதனோடு ஒட்ட விரும்புகிறது என்பது.

மூன்றாவதை அளக்கும் வழியை லண்டனில் மருத்துவராக இருந்த தாமஸ் யங், 1805-இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியான கட்டுரையில் வகுத்தார். திண்மப் பரப்பின் மேல் வைத்த துளியின் விளிம்பு அப்பரப்போடு உண்டாக்கும் கோணம் தொடுகோணம் எனப்படும். நீர்த்துளி பரந்து படிந்து கோணம் சிறுத்தால் அப்பரப்பு நீர்நாட்டம் உடையது. துளி உருண்டு நின்று கோணம் 90 பாகைக்கு மேற்பட்டால் நீர்வெறுப்பு உடையது. நீர்நாட்டமுள்ள சவ்வு தன் துளைகள் முழுவதையும் நீரால் நிரப்பிக்கொள்வதால், எண்ணெய் உள்ளே புக அந்த நீரை வெளியே தள்ளியாக வேண்டும்.

அதற்குத் தேவையான அழுத்தத்தைக் கணக்கிடலாம். துளையின் விட்டம் 0.1 மைக்ரோமீட்டர், எல்லை இழுவிசை மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன், சவ்வு எண்ணெயை முற்றும் விலக்கக்கூடியது என்று கொண்டால், எண்ணெயை உள்ளே திணிக்கச் சுமார் 12 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 12 மடங்கு அழுத்தம் வேண்டும். இத்தகைய சவ்வுகள் பெரும்பாலும் ஒரு சில பார் அழுத்தத்தில் இயங்குவதால் எண்ணெய் வெளியிலேயே நின்றுவிடும். சோப்பு கலந்து எல்லை இழுவிசையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டாலோ, அதே சவ்வில் 1.2 பார் அழுத்தமே எண்ணெய் புகப் போதுமானதாகிவிடுகிறது. ஆய்வகத்தில் தூய எண்ணெயையும் தூய நீரையும் கலக்கிக் காட்டும் வெற்றி, பட்டறைக் கழிவின் முன் ஏன் தோற்கிறது என்பதற்கான விடையில் பெரும்பகுதி இந்த ஒரு கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

இனிப் பொருள்களைப் பார்க்கலாம். தொழிலுக்குப் பயன்படும் சவ்வுகளின் வரலாறு, 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் செய்த செல்லுலோஸ் அசிட்டேட் சவ்விலிருந்து தொடங்குகிறது எனலாம். மேலே மிக மெல்லிய அடர்ந்த தோல், கீழே கடற்பஞ்சு போன்ற தடித்த தாங்கி என்று ஒரே படலத்தில் இரு அமைப்புகளை அவர்கள் உருவாக்கியதால், நீர் கடக்கும் வேகம் முன்னில்லாத அளவுக்குக் கூடியது. பாலிமரைக் கரைப்பானில் கரைத்து, மெல்லிய படலமாக ஊற்றி, நீரில் அமிழ்த்தினால், கரைப்பான் வெளியேறி நீர் உட்புகும் அந்தப் பரிமாற்றத்தில் பாலிமர் துளைகளோடு உறைந்துவிடுகிறது. இன்றும் பெரும்பாலான பாலிமர்ச் சவ்வுகள் இவ்வழியிலேயே செய்யப்படுகின்றன.

செல்லுலோஸ் அசிட்டேட் நீர்நாட்டம் உடையதுதான். ஆனால் வெப்பத்தையும் காரத்தையும் தாங்காது. அதன் இடத்துக்கு வந்த பாலிசல்ஃபோன், பாலிஈதர்சல்ஃபோன், பி.வி.டி.எஃப். என்று சுருக்கி வழங்கப்படும் பாலிவினைலிடீன் ஃப்ளூரைடு ஆகியவை உறுதியானவை. ஆனால் அவற்றின் மேற்பரப்பு இயல்பிலேயே நீரைவிட எண்ணெயோடு எளிதில் ஒட்டக்கூடியது. குளோரினைத் தாங்கும் பி.வி.டி.எஃப்.கூட, படிந்த எண்ணெயைக் கழுவத் தேவைப்படும் கடுங்காரத்தில் நாளடைவில் சிதைகிறது. ஆகவே பாலிமரோடு நீர்நாட்டமுள்ள வேறொரு பாலிமரைக் கலப்பது, டைட்டானியம் டைஆக்சைடு நுண்துகள்களைச் சேர்ப்பது, மேற்பரப்பில் மெல்லிய பூச்சு பூசுவது எனப் பல வழிகள் பின்பற்றப்படுகின்றன. கடல் மட்டிகள் ஈரப்பாறையில் ஒட்டிக்கொள்ளும் வேதியியலைப் பின்பற்றி 2007-இல் அறிமுகமான பாலிடோபமைன் பூச்சும் அவற்றுள் ஒன்று. பூச்சு எவ்வளவு நாள் நிலைக்கும் என்பதே இவை எல்லாவற்றையும் நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி. ஆய்வுக் கட்டுரைகள் பலவும் அதைச் சில மணி நேரச் சோதனையோடு கடந்துவிடுகின்றன.

பீங்கான் வகைச் சவ்வுகளின் நிலை வேறு. அலுமினா, சிர்கோனியா, டைட்டானியா, சிலிக்கான் கார்பைடு ஆகியவற்றின் துகள்களை உயர்வெப்பத்தில் சுட்டுச் செய்யப்படும் இவை, இயல்பாகவே நீர்நாட்டம் உடையவை. கொதிநிலைக்கு அருகிலான கழிவையும், அமிலம், காரம் இரண்டையும் தாங்குகின்றன. அடைத்துக்கொண்டால் கடுமையாகக் கழுவலாம். விலை பாலிமரைப் போல் பல மடங்கு. தடித்த குழாய்களாகச் செய்யப்படுவதால் இடமும் அதிகம் பிடிக்கின்றன. அந்தக் குறையைத் தீர்க்க, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் காங் லி தலைமையிலான குழு, பாலிமருக்குரிய நீரில் அமிழ்த்தும் முறையிலேயே பீங்கான் துகள்களைக் குழல் இழைகளாக இழுத்துப் பின்னர் சுடும் முறையில் நெடுங்காலம் ஆய்வு செய்துள்ளது. விலைக் குறையைத் தீர்க்கும் முயற்சி அசாமிலிருந்து வந்தது. குவாஹாட்டி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள், விலையுயர்ந்த அலுமினாவுக்கு மாற்றாகக் கயோலின் களிமண்ணையும் சுண்ணாம்புக் கல்லின் முதன்மைக் கூறான கால்சியம் கார்பனேட்டையும் கலந்து சவ்வுகள் செய்து எண்ணெய்ப் பால்மங்களில் சோதித்தனர். சூளையில் கார்பனேட் சிதைந்து வெளியேறும் கரிமிலவாயு போகிற போக்கில் துளைகளை உண்டாக்கிவிட்டுப் போகிறது. மலிவான பொருளே துளையிடும் கருவியாகவும் ஆகிவிடுகிறது.

ஆய்விதழ்களில் மிகுதியும் பேசப்படுபவை இவையல்ல. நீரையோ எண்ணெயையோ முற்றாக விலக்குமாறு இயற்கையைப் பார்த்துச் செய்த ‘அதீத’ பரப்புகள்தாம். தாமரை இலையில் நீர் ஒட்டாமைக்குக் காரணம் அதன் மெழுகும் நுண்மேடுகளும் சேர்ந்த அமைப்பே என்று ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் பார்த்லாட்டும் நைன்ஹுயிஸும் 1997-இல் விளக்கிய பின்னர், 2004-இல் சீனாவில் லேய் ஜியாங் குழுவினர் எஃகு வலையின் மேல் டெஃப்லான் பூசி, எண்ணெயைக் கடக்கவிட்டு நீரைத் தாங்கிநிற்கும் வலையைச் செய்தனர். எண்ணெயைக் கடக்கவிடும் வலை எண்ணெயாலேயே அழுக்கடைகிறது என்பது விரைவில் தெரிந்தது. மீனின் செதில் நீருக்கடியில் எண்ணெயை ஒட்டவிடுவதில்லை என்ற கண்டறிதல் 2009-இல் வந்தபின் நோக்கு தலைகீழானது: நீரைச் செதிலைப் போல் பிடித்துவைத்துக்கொண்டு, அந்த நீரையே எண்ணெய்க்குக் கேடயமாக்கும் கூழ்மப் பூச்சுகள் செய்யப்பட்டன. 2015-இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் ஐவன் பார்கின், கிளேர் கார்மால்ட் ஆகியோரை உள்ளிட்ட குழு, டைட்டானியம் டைஆக்சைடு துகள்களைக் கொண்ட ஒருவகைச் சாயத்தை வெளியிட்டது. எண்ணெயில் நனைந்த பின்னும் நீரை விலக்கும் அந்தப் பரப்பு, பசையின் துணையோடு கீறலையும் தாங்கியது. அழகான அறிவியல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மணலும் இரும்புத்தூளும் சோப்பும் கலந்து வேகமாக ஓடும் கழிவின் முன், நுண்மேடுகளை நம்பிய பரப்பைவிடச் சுட்ட மண்ணின் முரட்டுத்தனமே நம்பகமானது என்று தொழிற்சாலைகள் கருதுவதில் நியாயம் இருக்கிறது.

எந்தப் பொருளானாலும் சவ்வு அடைத்துக்கொள்ளும். எண்ணெய்த்துளிகள் பரப்பில் சேர்ந்து படலமாவதும், துளைக்குள் சிக்குவதும், வெளிவரும் நீரின் அளவு முதல் சில மணி நேரத்திலேயே வெகுவாகக் குறைவதும் வழக்கமான காட்சி. இதைத் தணிக்கக் கழிவைச் சவ்வின் மேல் நேராக அழுத்தாமல், அதன் பரப்பை ஒட்டி வேகமாக ஓடச்செய்து, படிவதை அந்த ஓட்டமே வாரிச் செல்லும்படி அமைக்கிறார்கள். இது குறுக்கோட்டம் எனப்படும். இடையிடையே பின்பக்கத்திலிருந்து நீரைச் செலுத்துவதும், காரத்தால் கழுவுவதும் தொடர வேண்டும். இதற்கெல்லாம் பம்பும் மின்சாரமும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும் என்பதால்தான், மனோர் பார்க் உணவகத்தின் கழுவுதொட்டிக்கடியில் சவ்வுக்கு இடமில்லாமல், தகடுகள் கொண்ட அந்தப் பழைய பெட்டியே நீடிக்கிறது. கழுவுமுன் சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிடுவது அங்கே எந்தச் சவ்வையும்விடப் பயன் தரும்.

பொருள் தேர்வில் அண்மையில் ஒரு புதுச் சிக்கலும் சேர்ந்துள்ளது. கார்பன்–ஃப்ளூரின் பிணைப்பால் சூழலில் அழியாமல் தங்கிவிடும் ஃப்ளூரின் சேர்மங்களை ஒட்டுமொத்தமாகக் கட்டுப்படுத்தும் முன்மொழிவை 2023 ஜனவரியில் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், சுவீடன், நார்வே ஆகிய ஐந்து நாடுகள் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையிடம் அளித்தன. அதன் விரிந்த வரையறைக்குள் பி.வி.டி.எஃப்., டெஃப்லான், எண்ணெயை விலக்கும் ஃப்ளூரின் பூச்சுகள் அனைத்தும் அடங்குகின்றன. நீரைத் தூய்மையாக்கும் பொருளே நீரை மாசுபடுத்தும் வகையைச் சார்ந்ததாகிவிட்ட இந்நிலை, பீங்கான் சவ்வுகளுக்கும் செல்லுலோஸ் ஆய்வுகளுக்கும் புதிய ஊக்கம் தரக்கூடும்.

சவ்வால் ஆகாதவற்றையும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகமெங்கும் பரவியபோது மீனவர்கள் படகில் நின்று கையால் அள்ளியது மிதக்கும் எண்ணெய். அதற்கு வேண்டியவை மிதவைத் தடுப்புகளும் உறிஞ்சு கருவிகளுமே. மனோர் பார்க்கில் வாழும் ஈழத்தமிழர் பலருக்கும் பழக்கமான சுன்னாகத்தில், கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தனியார் மின் நிறுவனம் ஒன்றைப் பொறுப்பாக்கி 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த ஆணையிட்டது. அங்கு நிலத்தடியில் இருப்பது பிளவுகளும் குகைகளும் கொண்ட சுண்ணாம்புப் பாறை. அத்தகைய பாறைக்குள் பரவும் எண்ணெயில் பென்சீன் போன்ற கரையும் கூறுகள் இருந்தால், அவற்றின் மூலக்கூறுகள் ஒரு நானோமீட்டருக்கும் சிறியவை. எண்ணெய்ப் பால்மத்தைத் தடுக்கும் சவ்வின் துளை வழியே அவை தடையின்றிக் கடந்துவிடும். செயலூட்டப்பட்ட கரி போன்ற உறிஞ்சு பொருளே அங்கு உதவும்.

சவ்வு எண்ணெயை அழிப்பதில்லை. ஓரிடத்தில் திரட்டித் தருகிறது. நூற்றுக்கு ஒரு பங்கு எண்ணெயுள்ள 1,000 லிட்டர் கழிவிலிருந்து 950 லிட்டர் நீரைப் பிரித்தெடுத்தால், மீதமாவது ஐந்தில் ஒரு பங்கு எண்ணெயுள்ள 50 லிட்டர் சேறு. அது சமையலறைக் கொழுப்பாக இருப்பின் வழி உண்டு. வைட்சேப்பல் பாறையின் பெரும்பகுதி பயோடீசலாக மாற்றப்பட்டது. பட்டறைக் குளிர்விப்புத் திரவத்தின் எச்சத்துக்கு அந்த வாய்ப்பில்லை. இங்கிலாந்தின் கழிவு வகைப்பாட்டில் உலோகம் கடையும் பால்மங்கள் ஆபத்தான கழிவு என்றே குறிக்கப்பட்டிருப்பதால், அந்த 50 லிட்டர் உரிமம் பெற்ற நிறுவனத்தின் வண்டியில், உரிய ஆவணத்தோடு, கட்டணம் செலுத்தியே வெளியேற வேண்டும். 1,000 லிட்டருக்குச் செலுத்த வேண்டியிருந்த அந்தக் கட்டணம் 50 லிட்டருக்குக் குறைவதே, பட்டறை முதலாளி சவ்வை வாங்குவதற்குப் பெரும்பாலும் காரணம்.